ஏழாவது ஊசி

முதலில் இளநீரைக் குடியுங்கள். இந்த ராஜாக்கமங்கலம் வட்டாரத்திலேயே இந்த ஒரு தென்னைக்குத்தான் மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் இறங்குகிறது என்று என் மனைவி தாணம்மாளிடம் சொல்லிவந்தேன். அவள் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். குடித்தால் போதும்.

பெட்டி கத்தினால் கத்தட்டும். கடற்கரைக் கருமணலைச் சோதிக்க நீங்கள் கொண்டுவந்த சர்க்கார் பெட்டி, மணலே இல்லாத என் வீட்டு வாசலில் வந்து இப்படிக் கிர்கிர் என்று கத்தினால் உங்களுக்குப் பதற்றம் வரத்தான் செய்யும். அது எதைப் பார்த்துக் கத்துகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அப்புறம் இந்தக் கதையை யார் கேட்பார்கள்? இரண்டரை வருஷமாக ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறேன்.

என் பெயர் ஆறுமுகப்பெருமாள். வருஷம் இரண்டு பூ நெல் விளைகிற வயல் கொஞ்சம் உண்டு. பொய் சொல்வதில் எனக்கு ஊரில் நல்ல பெயர். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன என் எருமை கொல்லத்தில் கரையேறி, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மலையாளத்தில் அதட்டினால்தான் நகர்ந்தது என்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது என்னுடையதுதான். கதையும் எருமையும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தாணம்மாளுக்கு இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண் வந்தது. முப்பது வருஷமாக அவள் புகையிலையை ஒதுக்கிவைத்த இடம். கஷாயம் குடித்தாள், களிம்பு போட்டாள். புண் போகவில்லை. கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில் கொண்டுபோனேன். புற்று என்றார்கள். ரேடியம் வைக்க வேண்டும் என்றார்கள்.

பெரிய டாக்டர் நல்ல மனுஷன். நான் கேட்டேன் என்பதற்காக ஒரு ஊசியை இடுக்கியில் பிடித்து, எட்ட நின்று காட்டினார். எங்கள் பக்கத்தில் ஏலசு என்கிற தாயத்துக்குள் சுருட்டி வைக்கிற தகடு அளவுக்குத்தான் இருந்தது.

"இதுக்குள்ள என்ன மந்திரம் டாக்டரே?" என்றேன்.

"ரேடியம். நீங்க ஏலசு கெட்டுவீங்கல்லா, அது மாதிரின்னு வச்சுக்கிடும்," என்று சிரித்தார். "ஆனா ஏழு நாளுதான். அதுக்கு மேல வச்சா சுட்டுப்போடும். மொதல்ல செவக்கும், தோல் உரியும், பெறவு ஆறும். பயப்படப்பிடாது."

அதன் வீரியம் பாதியாகக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும் என்றும் சொன்னார். அன்று எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆயிரத்து அறுநூறு வருஷம் வேலை செய்யக்கூடிய பொருளை ஏழு நாளில் பிடுங்கிவிடுவதா? சாணம் போட்ட வயலிலிருந்து ஏழாம் நாள் சாணத்தை வாரி எடுக்கிற விவசாயி உண்டா? டாக்டர்கள் எதையும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். தப்பு வந்தால் தலையில் விழுமே என்ற பயம். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

கன்னத்துக்குள் ஏழு ஊசி குத்தினார்கள். ஒவ்வொரு ஊசியின் காதிலும் ஒரு பட்டுநூல். ஏழு நூலும் வாயோரமாக வெளியே வந்து கன்னத்தில் பிளாஸ்திரியில் ஒட்டிக்கிடக்கும். ஜேசுதாஸ் என்ற வார்டு உதவியாள் காலையும் மாலையும் வந்து எண்ணிப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவான். தாணம்மாள் பேசக் கூடாது. அவள் குரலைக் கேட்டுத்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஏழு நாள் மௌனம். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

நான் என்ன குறை வைத்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். கஞ்சித்தெளிவைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டேன். தலை வாரிவிட்டேன், வகிடு எடுக்கத் தெரியாமல் அவளுக்கு மூன்று வகிடு எடுத்தேன். கோளாம்பியில் அவள் துப்பியதைக் கொட்டிக் கழுவி வைத்தேன். மீதி நேரமெல்லாம் கதை சொன்னேன். வார்டே கேட்டது. எருமைக் கதை முடிந்ததும் அவள் சிலேட்டில் 'பொய்' என்று எழுதிக் காட்டினாள். அடுத்த கதைக்கும் காட்டினாள். அப்புறம் அழிக்கிற சிரமமே எதற்கு என்று அதை அப்படியே கால்மாட்டில் சாத்தி வைத்துவிட்டாள். போகிற வருகிற ஜேசுதாஸ் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

"வேய், உமக்கு அட்ரஸ் எழுதி வச்சிருக்காவளா?" என்பான்.

ஐந்தாம் நாள் டாக்டர் வந்து, நோய் திரும்பினாலும் திரும்பும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிவர வேண்டும் என்று சொல்லிப் போனார். தாணம்மாள் 'பொய்'யை முதல்முறையாக அழித்தாள். 'இனி என்னை இங்கே கொண்டு வந்தால் கிணற்றில் விழுவேன்' என்று எழுதினாள். அவள் சொன்னால் செய்வாள். என்னைப்போல அல்ல.

ஆறாம் நாள் காலை கோளாம்பியைக் கொட்டும்போது அடியில் ஏதோ மின்னியது. ஊசி. காது முறிந்து நூலிலிருந்து நழுவியிருக்கிறது. நூல் மட்டும் அவள் கன்னத்தில் பத்திரமாக ஒட்டியிருந்தது. ஜேசுதாஸ் எண்ணியது நூலைத்தானே, ஊசியை அல்லவே. ஏழு என்று எழுதிப் போய்விட்டான்.

கொடுத்துவிடலாம் என்றுதான் வார்டுக்குள் போனேன். சிலேட்டில் கிணறு இருந்தது. இவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். அப்படியானால் ஆஸ்பத்திரி இவளோடு வரட்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தவறு இருக்கிறது என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஊசியைக் கழுவி மடியில் முடிந்துகொண்டேன். இந்த இரண்டு விரலும் கறுத்து நகம் போனது அந்த ஒரு நாள் பழக்கத்தில்தான். சின்னப் பொருளுக்குக் கோபம் ஜாஸ்தி.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அவள் கழுத்தில் கிடந்த வெள்ளித் தாயத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இரணியலுக்குப் போனேன். கோலப்பன் ஆசாரி பழைய தகட்டை உருவிவிட்டு ஊசியை உள்ளே தள்ளினான்.

"என்னவே, காதறுந்த ஊசியால்லா இருக்கு?"

"அதான் விசேஷம்."

"மந்திரிச்சது யாரு?"

"டாக்டரு."

கோலப்பன் சிரித்துக்கொண்டே அரக்கு வைத்து வாயை அடைத்தான். நான் உண்மை பேசினால் எல்லாரும் சிரிப்பார்கள். அது என் ராசி. தாயத்தை வீடு திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று அவனிடமே விட்டுவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் எடுத்துப் பார்த்தால் ஆறு ஊசி. ஆஸ்பத்திரியே தலைகீழானது. ஓடையைத் தோண்டினார்கள். குப்பை எரித்த சாம்பலைச் சலித்தார்கள். படுக்கைப் பஞ்சைப் பிரித்தார்கள். ஜேசுதாஸ் வெளிறிப்போய் நின்றான். எனக்குப் பாவமாக இருந்தது. எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான்தான் எடுத்தேன். இரணியல்ல ஏலசு பண்ணியாச்சு," என்றேன்.

வார்டு முழுவதும் சிரித்தது. டாக்டர்கூட அந்தக் கவலையிலும் சிரித்தார். ஜேசுதாஸ் மட்டும் அழுதுகொண்டே, "வேய், நீரு எருமையோட நிறுத்தும்," என்றான்.

ஆகவே நான் ஒளித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டேன். நம்பாதது அவர்கள் பாடு. ஜேசுதாஸுக்கு வேலை போயிற்று. இப்போது இரணியல் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விற்கிறான். நான் அவனிடம்தான் வாங்குவேன், தேவை இல்லாவிட்டாலும்.

வீட்டுக்கு வந்ததும் தாயத்தை அவள் கழுத்தில் கட்டினேன். சில நாளிலேயே நெஞ்சில், தாயத்து தொடுகிற இடம் சிவந்தது. அப்புறம் தோல் உரிந்தது. டாக்டர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. எனக்கு நிம்மதி. அவளுக்கு எரிச்சல்.

"இது கெடந்து சுடுகு. அவுத்து வைக்கட்டா?" என்றாள் தாணம்மாள். குரல் திரும்பியிருந்தது. அதைக் கேட்கவே ஆசையாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பொய் சொன்னேன். மருந்துவாழ்மலையில் ஒற்றைக்காலில் நிற்கிற சாமியாரிடம் மந்திரித்து வாங்கியது, வருஷம் திரும்புவதற்குள் கழற்றினால் கட்டினவன் ஆயுள் போய்விடும் என்றேன். அவளைப் பயமுறுத்தினால் சிரிப்பாள். என் உயிரைச் சொன்னால்தான் கேட்பாள் என்று தெரியும்.

"இது உள்ளதா?"

"உள்ளது."

"எருமை மேல சத்தியமா?"

"எருமை மேல சத்தியம்."

சிலேட்டு அலமாரியில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.  சேலைத் தலைப்பை இழுத்துத் தாயத்தை மூடிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவள் நம்பிய ஒரே கதை அது.

அதற்குப் பிறகு சுடுகிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பாள். நான் உள்ளே வந்தால் துணியைச் சரிசெய்துகொள்வாள். உரிந்த இடம் புண்ணாயிற்று, புண் குழியாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒப்புக்குக் கேட்டேன். கிணற்றைக் காட்டினாள். சரி, அவள் விருப்பம். மனைவியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தவன் நான். காய்ச்சல் வந்த நாட்களில் நானே கஞ்சி வைத்தேன். வகிடு ஒன்றாக எடுக்கவும் பழகிவிட்டேன்.

வருஷம் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது போய்விட்டாள். கடைசியில் அவள் கேட்டது, "இன்னும் எத்தற நாளு கெடக்கு?" என்பதுதான். தாயத்துக் கணக்கைத்தான் கேட்டாள். என் ஆயுளுக்காக.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். குளிப்பாட்டும்போது பெண்கள் சொன்னார்கள்: கன்னத்துக்குள் ஒரு வடுக்கூட இல்லை, பிள்ளை வாய்போலச் சுத்தமாக இருந்ததாம். வாய் நோய் பயந்து ஓடியே போய்விட்டது. நெஞ்சில் வந்தது வேறு நோய். தாயத்து சரியாக அதே இடத்தில் நின்று கடைசிவரை அதோடு போராடியிருக்கிறது. தாயத்து இல்லாவிட்டால் அவள் மூன்று மாதம்கூட இருந்திருக்க மாட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு விதமாக யோசித்துப் பார்த்தேன், சாப்பாடு இறங்கவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

பிறகு தாயத்தை அவளுடைய பித்தளை வெற்றிலைச் செல்லத்தில் வைத்து மச்சில் ஏற்றினேன். இல்லை, நில்லுங்கள், மச்சுக்கு ஓட வேண்டாம். இப்போது அங்கே இல்லை. உங்கள் பெட்டியும் மேலே பார்த்துக் கத்தவில்லை பாருங்கள். அது கெட்டிக்காரப் பெட்டி.

என் மகள் பகவதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பெண் குழந்தை. தாணம்மாள் என்றே பெயர். அதே மூக்கு, அதே தொண்டை. நேற்றுக் காலையில்தான் இருபத்தெட்டு. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, அதில் தாயத்தோ காசோ கோப்போம். பாட்டி பொருள் கிடைத்தால் ரொம்ப நல்லது. பகவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மைக்க ஏலசாப்பா?" என்றாள்.

ஆமாம் என்றேன். உண்மைதானே.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இளநீர் பாதி மிச்சம் இருக்கிறது. பெட்டியை அணைத்துவிட்டுப் போங்கள், பிள்ளை தூங்குகிறாள். கதவைத் தட்டாதீர்கள், சாத்தித்தான் இருக்கிறது. அதோ, பகவதியே கூப்பிடுகிறாள். என்ன சொல்கிறாள், கேட்டீர்களா?

"அப்பா, இஞ்ச வாருங்கோ. பிள்ளைக்க இடுப்பு செவந்து கெடக்கு."

பார்த்தீர்களா, மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது.