முட்டி பெல்ட்டு, ரேடியோ, ஒரு ஜோடி செருப்பு

விஜயராணி: ரெண்டு பேப்பர் போதும்டி சுவேதா. அந்த பெல்ட்டு வேணாம்.

சுவேதா: இன்னா அண்ணி, மூணு பொருள் போயிருக்குது. மூணுக்கும் பிரிண்ட் எடுத்தாரணும்னு தான அண்ணன் சொல்லிட்டு போச்சு?

விஜயராணி: முட்டிக்கு போடற பெல்ட்டு. அதுக்கு போய் போலீசு, கேசுன்னு... சிரிப்பாங்க.

சுவேதா: அப்ப ரேடியோவயும் வுட்டுடலாம். அதுவும் சின்ன சாமான் தான்.

விஜயராணி: ரேடியோவ எப்பிடி வுடறது? அத யாரு வாங்கினான்னே தெரியலயே.

சுவேதா: மூணுமே தான் யாரு வாங்கினான்னு தெரியல.

விஜயராணி: ஆமா... அத தான் நானும் சொல்றேன். இன்னாடி அப்பிடி பாக்கற?

சுவேதா: ஒண்ணும் இல்ல. வேர்க்குது.

விஜயராணி: வில்லியனூர்ல இவ்ளோ ஜெராக்ஸ் கடை இருக்குது, இந்த ஜோஸ்பின் அக்கா கடைக்கு தான் எல்லாரும் வரணுமா? எத்தினி பேரு நிக்கறாங்க பாரு.

சுவேதா: ஸ்காலர்ஷிப் பாரம் இன்னியோட முடியுதாம். நம்ம நம்பரு பதிமூணு.

விஜயராணி: நல்ல நம்பரு.

சுவேதா: எனக்கு ஒண்ணு தான் அண்ணி புரியல. ஒருத்தன் கஷ்டப்பட்டு, ஆன்லைன்ல சாமான் வாங்கற நம்ம வூட்டு அக்கவுண்ட ஹேக் பண்றான். பண்ணி, இன்னா வாங்கறான்? முட்டி பெல்ட்டு. போன் வாங்கல, டிவி வாங்கல.

விஜயராணி: திருடனுக்கு முட்டி வலிக்க கூடாதா? சுவரு ஏறி குதிக்கறவனுக்கு தான் மொதல்ல வலிக்கும்.

சுவேதா: இவன் போன்ல திருடறவன் அண்ணி. ஒக்காந்த எடத்துல திருடறான்.

விஜயராணி: ஒக்காந்தே இருந்தாலும் முட்டி புடிச்சிக்கும்.

சுவேதா: மொத மொத ஹேக்குன்னு சொன்னதே நீங்க தான்.

விஜயராணி: பின்ன இன்னா சொல்றது? உங்க அண்ணன் மோட்டருக்கு ஒயரு தேடறேன்னு என் போன எடுத்து, பழைய ஆர்டர்லாம் பாத்துட்டு, இது இன்னா பெல்ட்டுன்னு சட்டுனு கேட்டாரு. எனக்கு வாயில அது தான் வந்துச்சு. டிவியில டெய்லி சொல்றான்ல, ஹேக்கு ஹேக்குன்னு.

சுவேதா: அண்ணனும் ஒடனே புடிச்சிக்கிச்சு.

விஜயராணி: புடிச்சிக்கினாரா... ஆமாமா ஹேக்கு தான், இதோ பாரு செருப்பு கூட வாங்கியிருக்கான்னு எனக்கே காட்டுறாரு. நீயும் தான் ஓடியாந்து, ஐயையோ ரேடியோவும் வாங்கியிருக்கான்னு சொன்ன.

சுவேதா: வாங்கி இருந்துச்சு, சொன்னேன்.

விஜயராணி: அதோட வுட்டாரா? காலையில பால் ஊத்தற எடத்துல ஊருக்கே சொல்லிட்டாரு. அங்க பால் வாங்க வந்த புகழ்வேந்தன் சாரு, ஸ்டேஷனுக்கு வாய்யா நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இனிமே வேணாம்னா நம்ம தான் பொய்க்காரங்க... இரு, அவரு தான் கூப்பிடறாரு. ஆங், சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், ஒரே இரைச்சலா இருக்குது.

மணிவண்ணன்: எவ்ளோ நேரம் ராணி? சாரு பன்னெண்டு மணிக்கு பந்தோபஸ்துக்கு போவணுமாம்.

விஜயராணி: கூட்டமா இருக்குதுங்க. பதிமூணாவது ஆளு.

மணிவண்ணன்: ஆர்டர் நம்பரு, எந்த அட்ரசுக்கு போச்சு, எல்லாம் தெரியறாப்பல எடுக்க சொல்றாரு. அட்ரசு கெடச்சா ரெண்டு போலீச அனுப்பி ஆள கையோட தூக்கியாந்துடுவாங்களாம்.

விஜயராணி: தூக்கியாந்து...?

மணிவண்ணன்: தூக்கியாந்து இன்னா, ஒக்கார வச்சி காபியா குடுப்பாங்க? அப்பறம் ராணி... பெல்ட்டும் ரேடியோவும் போதும். செருப்ப வுட்டுடு.

விஜயராணி: ஏங்க, செருப்பு இன்னா ஆச்சு?

மணிவண்ணன்: செருப்பு திருடி மாட்டுனான்னு எழுதுனா கேசுக்கே மரியாத இல்லாம பூடும். வச்சிடறேன்.

சுவேதா: நீங்க பெல்ட்ட வேணாம்ன்றீங்க. அண்ணன் செருப்ப வேணாம்ன்னுது.

விஜயராணி: நீ ரேடியோவ வேணாம்ன்ற.

சுவேதா: அப்ப மிச்சம் இன்னாத்த வச்சி கம்ப்ளைண்ட் குடுக்கறது?

விஜயராணி: வாய மூடிக்கினு அந்த ஆர்டர தொற. அட்ரசு வேணுமாம்ல.

சுவேதா: எத மொதல்ல?

விஜயராணி: செருப்ப தொற.

சுவேதா: இருங்க... சுத்துது. ஆங், வந்துச்சு. டாக்டர் செருப்பு, எட்டாம் நம்பரு. டெலிவரி ஆயிடுச்சு. அட்ரசு... அண்ணி.

விஜயராணி: படி.

சுவேதா: சூசைநாதன் டீக்கடை. அபிஷேகப்பாக்கம்.

விஜயராணி: அபிஷேகப்பாக்கத்துல ஆயிரம் பேரு இருக்கறாங்க.

சுவேதா: நான் ஒண்ணும் சொல்லலயே.

விஜயராணி: இப்ப ரேடியோ.

சுவேதா: அது எதுக்கு அண்ணி? ஒரு அட்ரசு போதாது?

விஜயராணி: குடு போன. குடுடி. வெடுக்குனு இழுக்கற... இன்னா இது, மாதா கெபி பின்னால, அபிஷேகப்பாக்கம்.

சுவேதா: அதுவும் அங்க தானா.

விஜயராணி: சொல்லிக்கினே ஏன்டி அந்தாண்ட திரும்பற?

சுவேதா: நீங்க பெல்ட்ட தொறங்க பாக்கலாம்.

விஜயராணி: அதான் தெரிஞ்சிடுச்சே, அதுவும் அங்க தான்.

சுவேதா: தொறக்காமலே எப்பிடி அண்ணி தெரிஞ்சிச்சு?

விஜயராணி: தண்ணி டேங்க் பக்கத்துலன்னு போட்டிருப்பேன். பாத்துக்க.

சுவேதா: நீங்களா?

விஜயராணி: மெதுவா பேசு. முன்னாடி நிக்கறது பால்கார அம்மா.

சுவேதா: தண்ணி டேங்க் பக்கம்னாலும், மாதா கெபி பின்னாலன்னாலும், டீக்கடைன்னாலும்... எல்லாம் ஒரே வூடு தான். அப்பா போயி இருக்கற காசம்மாள் வூடு.

விஜயராணி: டோர் நம்பரா இருக்குது அந்த ஊர்ல. அப்ப ரேடியோ?

சுவேதா: நான் தான்.

விஜயராணி: அடிப்பாவி. ரெண்டு நாளா யாரோ எவனோன்னு என்கூட சேந்து திருடன திட்டுன?

சுவேதா: நீங்க மண்ண வாரி தூத்துனீங்க. அவன் கை வெளங்காதுன்னு.

விஜயராணி: உங்க அண்ணன் எதிர்ல நின்னாரு. வேற இன்னா பண்றது?

சுவேதா: அப்பாவுக்குன்னு எப்பிடி தோணுச்சு உங்களுக்கு?

விஜயராணி: போன மாசம் பாகூருக்கு பஸ்ல போனேன்ல. அபிஷேகப்பாக்கம் ஸ்டாப்பிங்ல மாமா நிக்கறாரு. ஏறுவாருன்னு பாத்தேன். கம்பிய புடிச்சாரு, காலு மேல வரல. ரெண்டாந்தபா புடிச்சாரு. கண்டக்டரு விசில் குடுத்துட்டான். பஸ்ஸு கெளம்பும்போது என்ன பாத்துட்டாரு. பாத்துட்டு, யாரோ தெரியாதவங்கள பாத்தாப்பல தலய குனிஞ்சிக்கினாரு. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

சுவேதா: கூப்பிடலயா?

விஜயராணி: எப்பிடி கூப்பிடறது? ஆவணி மாசம் மோட்டர் கொட்டாயில மூணு பேரும் நின்னு தல முழுவுனமே. அம்மா செத்து ரெண்டு வருசத்துல இன்னொரு பொம்பளையோட போனவன் எனக்கு அப்பன் இல்ல, மாரிமுத்து செத்துட்டான், அவன்கிட்ட பேசறவங்க இந்த வூட்ல இருக்க கூடாதுன்னு உங்க அண்ணன் சொல்லி சொல்லி தண்ணி ஊத்தல?

சுவேதா: எனக்கு மூணு கொடம் ஊத்துச்சு. சளி புடிச்சி பத்து நாளு கெடந்தேன்.

விஜயராணி: அதுக்கப்பறம் ரேடியோ அனுப்பியிருக்க.

சுவேதா: நாம பேச கூடாதுன்னு தான சத்தியம்? ரேடியோ பேசலாம்ல. நாத்து நடும்போது கூட இடுப்புல ரேடியோ கட்டிக்கினு தான அப்பா நிக்கும். போகும்போது அத எடுத்துக்கினு போகல. அண்ணன் தூக்கி சுவத்துல அடிச்சது.

விஜயராணி: சரி. பெல்ட்டு நான், ரேடியோ நீ... செருப்பு?

சுவேதா: நான் இல்ல.

விஜயராணி: சாமி சத்தியமா?

சுவேதா: தல முழுவுன சத்தியமே இப்பிடி ஆச்சு. சாமி சத்தியம் பண்ணா நம்புவீங்களா? நான் இல்ல அண்ணி.

விஜயராணி: நானும் இல்ல. அப்ப நெஜமாவே எவனோ...

சுவேதா: அண்ணி, நம்ம பாஸ்வேர்டு இன்னா?

விஜயராணி: நீ போட்டு குடுத்தது தான். மாமா பேரு, பின்னாடி அவரு பொறந்த வருசம்.

சுவேதா: ஹேக் ஆயிடுச்சு, நேத்தே மாத்திட்டேன்னு அண்ணன் சொல்லுச்சு. மாத்தல. காலையில பழசே போட்டு தொறந்தேன்.

விஜயராணி: மறந்திருப்பாரு.

சுவேதா: அது இல்ல நான் சொல்றது. பேரு அப்பாவுது. வருசம் அப்பாவுது. அவருக்கு தெரியாம இருக்குமா?

விஜயராணி: நீ இன்னா சொல்ற... மாமாவே வாங்கிக்கினாரா?

சுவேதா: காசம்மாளுக்கு காலேஜ் படிக்கற பொண்ணு இருக்குது. அது போட்டு குடுத்திருக்கும். காலு வலிக்குது, கேக்க ஆளு இல்ல, நம்ம வூட்டு அக்கவுண்டு தானன்னு...

விஜயராணி: ஐயோ.

சுவேதா: இன்னொண்ணு. டெலிவரி பண்ற எழிலரசன் அண்ணன்கிட்ட காலையில பேசுனேன். யாராவது கேட்டா என் பேர சொல்லாதன்னு சொல்ல தான் போன் பண்ணேன். அவரு சொல்றாரு, அந்த ஊர்ல மூணு பார்சலயும் ஒரு பெரியவரு தான் கையெழுத்து போட்டு வாங்கினாராம். யாரு அனுப்பினதுன்னு ஒரு தபா கூட கேக்கலயாம். பார்சல தடவி பாத்துட்டு சிரிச்சாராம்.

விஜயராணி: கையெழுத்து வேற போட்டிருக்காரா.

சுவேதா: போலீசு போச்சுன்னா மொதல்ல கெடைக்கறது அப்பா தான். பெல்ட்டு கால்ல இருக்கும், ரேடியோ இடுப்புல இருக்கும்.

விஜயராணி: பெத்த புள்ள கம்ப்ளைண்ட் குடுத்து அப்பன ஜீப்புல ஏத்துனான்னு... அந்த ஊர்ல எப்பிடி தல நிமிருவாரு? பஸ்ஸுல ஏற முடியாத மனுசன் ஜீப்புல எப்பிடிடி ஏறுவாரு?

சுவேதா: நம்பரு பத்து கூப்பிட்டாச்சு.

விஜயராணி: போயிடலாம். பிரிண்டரு ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்.

சுவேதா: இது இல்லன்னா அடுத்த கடை. அண்ணன் வுடாது. சொல்லிடலாம் அண்ணி.

விஜயராணி: சொன்னா நம்ம ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்திடுவாரு.

சுவேதா: ஊத்தட்டும். இந்த தபா வெந்நீரா கேளுங்க.

விஜயராணி: சிரிக்காத. அதோ வண்டி வருது... நேரா இங்க தான் வராரு. நீ பேசு.

சுவேதா: நீங்க பெரியவங்க.

விஜயராணி: உனக்கு தான அண்ணன்.

மணிவண்ணன்: இன்னா ரெண்டு பேரும் வெயில்ல நின்னு வழக்கு பேசறீங்க? பேப்பரு எங்க?

விஜயராணி: எடுக்கல.

மணிவண்ணன்: எடுக்கலயா... சரி, அதுவும் நல்லது தான். கொஞ்சம் இருங்க. கம்ப்ளைண்ட் எழுதுனா அந்த அக்கவுண்ட பூட்டிடுவாங்களாம். வாங்கறது, மாத்தறது ஒண்ணியும் முடியாதாம். இப்ப தான் சாரு சொன்னாரு. அதான் யோசிச்சிக்கினே வந்தேன்.

விஜயராணி: யோசிக்க வேணாங்க. கம்ப்ளைண்டே வேணாம்.

மணிவண்ணன்: ஏன்?

விஜயராணி: பெல்ட்டு நான் தான் வாங்கினேன். மாமாவுக்கு.

சுவேதா: ரேடியோ நான்.

விஜயராணி: திட்டுங்க. வூட்டுக்கு போயி திட்டுங்க, இங்க நாலு பேரு பாக்கறாங்க.

மணிவண்ணன்: தல முழுவுனது இன்னாத்துக்கு அப்ப?

விஜயராணி: நீங்க ஊத்துனீங்க, நின்னோம். தண்ணி தல வரைக்கும் தாங்க போச்சு.

சுவேதா: அண்ணா, எங்கள இன்னா வேணா பண்ணு. ஸ்டேஷனுக்கு மட்டும் போவாத. செருப்பு அப்பாவே வாங்கிக்கினதா தான் இருக்கும். ஒரு ஜோடி செருப்புக்கு அவர திருடன்னு எழுதி குடுப்பியா?

மணிவண்ணன்: அந்தாளா? போன் அடிச்சா பச்ச பட்டன் எது, செவப்பு பட்டன் எதுன்னு தெரியாது. அந்தாளு வாங்கிட்டாரு.

விஜயராணி: அப்ப யாருங்க வாங்கினது?

மணிவண்ணன்: போன குடு ராணி.

விஜயராணி: எதுக்கு? எந்த நம்பருக்கு பேச போறீங்க?

மணிவண்ணன்: யாருக்கும் பேசல. குடு. மாத்தி வாங்க இன்னிக்கு தான் கடைசி நாளு. பழைய நெனப்புல எட்டாம் நம்பரு போட்டுட்டேன்... நேத்து சூசைநாதன் கடை வழியா வரும்போது பாத்தா காலு வீங்கி, குதிகாலு பின்னால வெளிய தொங்குது. இதுல ஒம்போது எங்க இருக்குது, நீ அமுத்து.