நடுவில் நின்றவன்

வீடு பார்த்துக் கொடுக்கிற புரோக்கருக்குக் கால் வலியைவிடக் காது வலிதான் அதிகம், சார். சாவி கைக்கு வந்ததும் ஜனங்கள் குடும்பக் கதையையும் கொட்டிவிடுவார்கள்.

மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான் கொட்டினார். அவருடைய அக்கா, குடிகாரப் புருஷனின் அடி தாங்காமல் இவரிடம் வந்துவிட்டாள். "அண்ணே, அந்த ஆளு இருக்கிற வரைக்கும் அக்காவுக்கு விடிவே கிடையாது. யாராச்சும் இருக்காங்களா?" என்றார். கடை மாடிக்குக் குடிவர ஆள் கேட்டபோதும் இதே குரல்தான். சாதுவான மனுஷர். யாருக்காவது ஊசி போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவன் வேலை போய் எட்டு மாதமாகச் சும்மா இருந்தான். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வேலையைச் சொன்னேன்; எதற்காக என்று அவன் கேட்கவில்லை. கேட்டவர் கையில் ரத்தமில்லை, செய்கிறவன் மனதில் பகையில்லை. நடுவில் நான். எனக்குக் கமிஷன் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பாவக் காசு.

செவ்வாய்க்கிழமை அந்த அக்காவே என்னைத் தேடி வந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அண்ணே, அவர் குடிய விட்டு நாலு மாசமாச்சு. வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போறேன். தம்பி எங்கிட்ட முகங்கொடுத்துப் பேசமாட்டேங்குது. நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

"சரிம்மா" என்றேன். சொல்லவில்லை. வெல்டரிடம் வியாழன் என்று பேசி முடித்தாயிற்று. கொடுத்த வாக்கை மாற்றினால் நாளைக்கு எவன் என்னை நம்புவான்?

வியாழன் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டியது நான்தான். முகம் தெரியாதவனுக்கு அந்த அக்காவின் புருஷன் திறக்கமாட்டார். உள்ளே பாதிச் சுவருக்குப் பெயின்ட் அடித்திருந்தார். "வாங்கண்ணே. நாளைக்கு அவ வர்றா, அதான்" என்று கையைத் துடைத்தபடி சிரித்தார்.

கூட வந்த வெல்டர் கத்தியை எடுத்தான். "என்னால முடியலண்ணே, போயிடலாம்" என்று அழுதான். பிள்ளைகுட்டிக்காரன், சார். அந்தப் பாவம் அவனுக்கு வேண்டாம் என்றுதான் கத்தியை நான் வாங்கினேன். மூன்று முறை குத்தினேன். இரண்டாவதிலேயே முடிந்திருக்கும்.

மறுநாள் அந்த அம்மா பெட்டியோடு வந்து அழுததாகச் சொன்னார்கள். அவள்மேல்தான் எனக்கு வருத்தம். இரண்டே நாள் முன்னால் வந்து சொன்னால், யாரால் என்ன செய்ய முடியும்?