மூன்றாம் நம்பர் டிரம்

ஊ…ஊ…ஊங்!

ஹூட்டர் அலறிய அலறலில் ஜோசுவா பிரேக்கை மிதித்தான். பைக்கின் பின்சக்கரம் மண்ணைச் சீய்த்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண் பாதை. முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. எதிரே தோல் ஷெட்டின் தகரக் கூரை மட்டும்… சத்தம் அங்கிருந்துதான் வந்தது.

இது நம்ம ஆரோக்கியமேரி அக்காவின் தம்பி ஜோசுவாவுக்கு நடந்தது. அக்கா பொய் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

கேட்டைத் திறந்தவர் சூப்பர்வைசர் கார்முகிலன். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"நாலு மணிக்கு வர்றேன்னுட்டு இப்பதான் வர்றியா? தோலு அழுவிச்சின்னா உன் தலையில கட்டிடுவேன்."

"பள்ளிகொண்டாகிட்ட பஞ்சர் சார். ஹூட்டர் ஊதுச்சே… மிஷின் ஓடுதா?"

"இன்னா, நக்கலா? டிரம் சுத்துறதுக்கு முன்னாடிதான் ஹூட்டர் ஊதும். அத ஊத வைக்கிறதே கம்ப்யூட்டர்தான். அது செத்துக் கெடக்குன்னுதானே உன்னக் கூப்ட்டேன்?"

ஜோசுவா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே நடந்தான். வேலூர்க் கம்ப்யூட்டர் கடை முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தபின் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை இது. சரிசெய்துவிட்டால் இந்தக் கம்பெனியின் எல்லா ஷெட்டுக்கும் இனி அவன்தான். கோட்டை விட்டால்… அதே முதலாளி முன்னால் மறுபடி கைகட்டி நிற்க வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டர். தடுப்புக்கு அந்தப் பக்கம், இருட்டில், மூன்றாம் நம்பர் டிரம். தோல் பதனிடும் மரப் பீப்பாய். ஓட்டு வீட்டு உயரம் இருக்கும். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை மூக்கை அறுத்தது.

சுவிட்சைப் போட்டான். கறுப்புத் திரை. வெள்ளையில் ஒரே வரி: சிஸ்டம் ஃபைலைக் காணவில்லை.

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டான். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் இரண்டு சின்ன ஃபைல்கள் இல்லை. சிடியிலிருந்து காப்பி செய்து போட்டால் தீர்ந்தது.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முத்துமாரி என்று பெயர். கண்ணில் அப்படியொரு வெறுப்பு.

"நீயும் இத எழுப்ப வந்தியா? உனக்கு முன்னாடி வந்தவனுங்க பையக்கூட எடுக்காம ஓடுனானுங்க. நீயும் போய்னே இரு."

"உன் வேலையப் பாரும்மா."

காப்பி செய்தான். திரும்ப ஆன் செய்தான். கறுப்புத் திரை. அதே வரி.

டிஸ்க்கைச் சோதித்தான். பழுதே இல்லை. மற்ற ஃபைல்கள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. அந்த இரண்டை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்திருந்தார்கள். சந்தேகம் முத்துமாரி மேல் போனது. அவளை வெளியே அனுப்பினான்.

"நானா தொட்டேன்? தேடு, தேடு!" என்று பழித்துவிட்டுப் போனாள்.

கதவைத் தாழ்போட்டான். மறுபடி காப்பி. இந்த முறை ஃபைல் பட்டியலைத் திரையில் வரவழைத்துப் பார்த்தான். இரண்டும் இருந்தன. கண்ணைச் சிமிட்டிவிட்டு இன்னொரு முறை வரவழைத்தான்…

இல்லை.

கீபோர்டு ஈரமாக இருந்தது. நீல நிறத்தில், தோலில் ஏற்றுகிற குரோம் ரசாயனத் தண்ணீர். பின்கழுத்தில் மூச்சுக்காற்று பட்டது. திரும்பினான். போட்ட தாழ் போட்டபடி.

சிடியைப் போட நீட்டிய கையை எதுவோ பிடித்தது. சில்லென்று… ஊறிப்போன தோல் மாதிரி கொழகொழவென்று… ஆனால் எலும்பை நொறுக்குகிற பிடி. சிடி கீழே விழுந்து உடைந்தது.

வேறொருவன் என்றால் ஓடியிருப்பான். ஜோசுவாவுக்கு முதலாளியின் இளிப்புதான் கண்ணெதிரே வந்தது. கோபம் தலைக்கேறியது.

"எவனா வேணா இரு. இத எடு பாக்கலாம்!"

பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். அந்த இரண்டு ஃபைல்களும் அதில் இருந்தன. பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு. தள்ளிவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் அழிக்க முடியாது. பூட்டைத் தள்ளினான். செருகினான்.

கண்ணாடித் தடுப்பில் படாரென்று ஒரு அடி. இன்னொன்று. நாற்காலியோடு அவனை எதுவோ பின்னுக்கு இழுத்தது. ஒரு கையால் மேஜையைக் கவ்விக்கொண்டு மறு கையால் பட்டனை அமுக்கினான்.

திரையில் வெளிச்சம் வந்தது. எழுந்துவிட்டது! டிரம் ஓட்டும் புரோகிராமும் திறந்துகொண்டது. சட்டென்று எல்லாம் அடங்கிப்போனது. அவன் ஓடிப்போய்த் தாழை நீக்கி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டான்.

"காலி டிரம்தான். ஓட்டிக் காட்டு," என்றார் கார்முகிலன்.

ஓட்டினான். ஹூட்டர் ஊதியது. டிரம் முனகிக்கொண்டே புரண்டது. முதல் சுற்று… தொம். அடுத்த சுற்று… தொம்.

"காலின்னு சொன்னீங்களே சார்?"

கார்முகிலன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. உள்ளே பலகையை நகத்தால் பிறாண்டுகிற சத்தம். கொஞ்ச நேரம்தான். தொம் என்பது சப்… சப்… என்று ஈரமாகி, பிறகு அதுவும் இல்லை. டிரம் மட்டும் லேசாக, சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாசலில் முத்துமாரி நின்றிருந்தாள். அவள் கண்ணில் இப்போது அந்த வெறுப்பு இல்லை. வாய் கோணிக்கொண்டு வந்தது.

"டிரம்ம கழுவ உள்ள எறங்குறவன், யாரும் தெரியாம ஓட்டிடக் கூடாதுன்னு கரண்டு பீஸ் கட்டையப் புடுங்கி மடியில சொருவிகினுதான் எறங்குவான்… கம்ப்யூட்டர் வந்தப்புறம் கட்டை ஏது, அதுக்குள்ள கைக்கு ஆப்ட்டத எடுத்து வச்சிகினாரு… போன வருசம் எறங்குன எங்க வூட்டுக்காரரு இன்னும் மேல ஏறலடா, பாவி!"