சுவரைப் பார்க்கும் கேமரா

— இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு மச்சான்.

— இதுக்கு மேல திருப்புனா சுவருதான் தெரியும் அத்தான்.

— தெரியட்டுமே. சுவரும் பூங்காவோட சுவருதானே?

— சுவத்தை யாரு கழட்டுறா? ஊஞ்சலைக் கழட்டுறாங்க, பெஞ்சைக் கழட்டுறாங்கன்னுதானே உங்க தெருச் சங்கத்துல என்னைக் கேமரா மாட்டச் சொன்னாங்க?

— தலைவர் சொன்னாரு. நான் சொல்லல.

— நீங்க செயலாளர்.

— செயலாளர்னா என்ன, அவங்க பேசுவாங்க, நான் எழுதுவேன். அதான் ஏணியைப் புடிச்சிருக்கேன்ல, அது போதாதா?

— புடிக்கிறீங்களா, ஆட்டுறீங்களா? ... அந்தப் பெட்டியிலேருந்து பன்னெண்டாம் நம்பர் ஸ்பானரை எடுங்க.

— இல்லையே.

— நல்லாப் பாருங்க.

— பத்து இருக்கு, பதினாலு இருக்கு. பன்னெண்டு இல்ல.

— அது ரொம்ப நாளாவே காணோம். சரி, குறடையே குடுங்க.

— குறடு போட்டா நட்டு முனை மழுங்கிடும் மச்சான்.

— அட... இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பொது அறிவு.

— பல்பு மாத்தக் கூட எங்க அக்கா என்னைத்தான் கூப்புடும். ‘உங்க அத்தானுக்கு எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாதுடா’ன்னு.

— மனுஷன் கத்துக்கவே கூடாதா?

— கத்துக்கலாம் அத்தான். ஆனா, காலையிலேருந்து உங்க மூஞ்சி சரியில்ல. கேமரா வேணாம்னு நெனைக்கிறீங்களா?

— வேணாம்னு இல்ல... பசங்க வந்து போற எடம். சந்தேகப்படுறோம்னு நெனைப்பாங்க. அவங்களை இங்க வர வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்? ‘இளைஞர்களே, நம் தெருவை மாற்ற வாருங்கள்’னு பேனர் வச்சேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. உங்க படம்தான் பெருசா இருந்துச்சு.

— அது பேனர் கடைக்காரன் பண்ண வேலை. கூட்டம் போட்டேன். டீ, பிஸ்கட்டு, ஃபேனுக்குக் கீழ நாற்காலி. வந்தது யாரு? வழக்கமா வர்ற அதே வழுக்கைத் தலைங்க. அதுலயும் ஒருத்தர் பிஸ்கட்டு தீந்ததும் எந்திரிச்சுட்டாரு.

— இளைஞர் அணின்னு ஒண்ணு ஆரம்பிச்சீங்களே?

— ஆரம்பிச்சோம். சேர இளைஞர் கெடைக்கல. அதனால தலைவரே அதுக்கும் தலைவரா இருந்தாரு. அப்புறம் முட்டிவலின்னு விலகிட்டாரு.

— பாவம். அப்புறம் எப்படித்தான் பசங்க வந்தாங்க?

— இந்தப் பெஞ்சு ஒடைஞ்சுதே, அப்பதான். யாரும் கூப்புடல மச்சான். ஞாயித்துக்கிழமை காலையில பாத்தா ஒரு பட்டாளமே நிக்குது. ஒருத்தன் பலகை அறுக்குறான், ஒரு பொண்ணு வார்னிஷ் அடிக்குது. பெஞ்சு முடிஞ்சும் போகல. சாக்கடை அடைப்பை எடுத்தாங்க. தெருமுனைக் குப்பைமேட்டை அள்ளுனாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

— அடுத்த வாரம்?

— ஈ, காக்கா இல்ல. பெஞ்சுதான் சரியாயிடுச்சே.

— அதுக்கு அடுத்த வாரம் ஊஞ்சல் கழண்டுடுச்சு.

— ஆமா... பழசு.

— அப்பதான் வாங்கி மாட்டுனது அத்தான்.

— இப்பல்லாம் புதுசுல ஏது தரம்?

— அப்புறம் சறுக்குமரம். அப்புறம் கேட்டு. மறுபடியும் ஊஞ்சல். எல்லாமே சனிக்கிழமை சாயங்காலமாப் பாத்து.

— காத்தா இருக்கும்.

— காத்து வந்து நட்டைக் கழட்டி, வாஷரோட சேத்துப் பெஞ்சு மேல பத்திரமா வச்சுட்டுப் போகுதா?

— ...நல்ல காத்து.

— சரி, நான் எறங்குறேன், ஏணியைப் புடிங்க. ... ம். இப்ப என்னைப் பாருங்க அத்தான்.

— பாத்துட்டுத்தானே இருக்கேன்.

— மொதல்ல கழண்ட நட்டையெல்லாம் நான் பாத்தேன். ஒரே கடிச்ச தழும்பு. குறடு மாதிரி கூடத் தெரியல, பாத்திரம் எறக்குற இடுக்கி மாதிரி இருந்துச்சு. எங்க அக்காவும் அந்த வாரம்தான் இடுக்கி மூக்கு வளைஞ்சுடுச்சுன்னு பொலம்புச்சு.

— இடுக்கி இல்லாத வீடு எது?

— சனிக்கிழமை ஆனா நீங்க நடக்கக் கெளம்பிடுறீங்களாம்.

— டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு.

— ஸ்பானரோட நடக்கச் சொன்னாரா? சட்டைப் பை தொங்குது பாருங்க.

— தலைவர்கிட்ட சொல்லிடுவியா?

— சொல்றதும் சொல்லாததும் அப்புறம். ஏன்னு சொல்லுங்க மொதல்ல.

— என்னத்தைச் சொல்ல... உன் மருமகன் இருக்கானே. ஒரே வீடு. நான் கூடத்துல, அவன் ரூம்ல. கதவு சாத்தியிருக்கும். சாப்டியாடான்னா ‘ம்’. எங்கடா போறேன்னா ‘சும்மா’. காதுல வேற எதையாவது மாட்டிக்கிறான். பெத்த புள்ளைகிட்டப் பேச வார்த்தை கெடைக்காம முழிச்சிருக்கியா நீ? ... அன்னிக்குப் பெஞ்சு வேலை நடக்குதுன்னு வேடிக்கை பாக்கப் போனேன். அந்தப் பட்டாளத்துல அவனும் இருந்தான். தலையைத் தூக்கி, ‘அப்பா, அந்த முனையைக் கொஞ்சம் புடிங்க, ஆடாமப் புடிங்க’ன்னான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதானாவா? எவ்வளவு நீளமாப் பேசியிருக்கான் பாரு மச்சான்! புடிச்சேன். பலகை நல்ல கனம். கை கடுத்துப் போச்சு, ஆனா விட மனசு வரல. அப்புறம் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சான். வேலைக்குக் கேட்ட எடத்துல எல்லாம் கையை விரிச்சுட்டாங்கப்பான்னு சொன்னான். அதுவரைக்கும் அது எனக்குத் தெரியவே தெரியாது. நான் என்னடான்னா, புள்ள திமிர்ல பேச மாட்டேங்குறான்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

— ம்...

— நீயும் ‘ம்’ சொல்லாத. ... அடுத்த வாரம் பழையபடி ரூமு, கதவு. அதான்...

— அதான் ஊஞ்சல்.

— ஒடைக்கல மச்சான், கழட்டத்தான் செஞ்சேன். குழந்தை யாராவது ஏறி விழுந்துடக் கூடாதேன்னு மொத்தமா கீழ எறக்கி வச்சுட்டுத்தான் போவேன். தப்புதான், இல்லைன்னு சொல்லல. இந்தக் கேமராவுல மாட்டுனா செயலாளர் மானம் போயிடும். அது போனா போகட்டும். என் ஞாயித்துக்கிழமையும் சேந்து போயிடுமேடா...

— மேல பாருங்க.

— என்ன?

— கேமராவைப் பாருங்க. எந்தப் பக்கம் இருக்கு?

— ...சுவத்தைப் பாத்துட்டு இருக்கு. சுவத்தை யாரு கழட்டுறான்னு கேட்டியே?

— உங்க வாயைப் புடுங்கத்தான். பசங்க நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க, ‘மாமா, சுவத்துப் பக்கமா மாட்டிடுங்க’ன்னு.

— பசங்களா? ஐயோ, தலைவர் அவரு போன்ல பாப்பாரேடா. வெறும் சுவரு தெரிஞ்சா?

— அந்தச் சுவத்துல பசங்க ஊஞ்சல் படம் வரையப் போறாங்க. ஊஞ்சல் பத்திரமா இருக்குன்னு அவரு தெனமும் பாத்து சந்தோஷப்பட்டுக்கட்டும்.

— இரு, இரு. அப்ப பசங்களுக்கு...

— ரெண்டாவது வாரமே தெரியும். வாஷரை வரிசையா அடுக்கி வச்சுட்டுப் போற திருடன் இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?

— தெரிஞ்சுமா வந்து வந்து மாட்டுனாங்க?

— ஊஞ்சல் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டிட்டு மரம் நட்டாங்க, கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சாங்க. கூட்டம்னு கூப்புட்டா வர மாட்டாங்க அத்தான். கை வைக்க ஒரு வேலை கெடச்சா வருவாங்க. அதை நீங்க வாரா வாரம் குடுத்துட்டு இருந்தீங்க.

— அப்ப... அவனுக்கு? உன் மருமகனுக்கும் தெரியுமா?

— உங்க பையில இருக்கே, அந்த ஸ்பானர் எங்க கெடச்சுது?

— அது... ஒரு சனிக்கிழமை நடக்கக் கெளம்புனேன், என் செருப்பு மேல இருந்துச்சு. நீதான் வீட்டுக்கு வந்தப்ப மறந்து வச்சுட்டேன்னு நெனச்சேன்.

— நான் எதுக்கு அத்தான் உங்க செருப்பு மேல ஸ்பானர் வைக்கிறேன்? ‘அப்பா இடுக்கியால எல்லா நட்டையும் கடிச்சே தீத்துடுவாரு, பன்னெண்டாம் நம்பரைக் குடுங்க மாமா’ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனது உங்க புள்ளதான்.