வெயில் கழற்றாத தொப்பி

தலைமை ஏற்றிருக்கும் அதிகாரி திரு. சக்கரபாணி அவர்களே! சங்கச் செயலாளர் திரு. சண்முகசுந்தரம் அவர்களே! முதல் ஷிப்டு முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே! சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து, நாற்காலிகள் காலியாக இருந்தும் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே! கணவரை இழந்து நிற்கும் ருக்குமணி அம்மாள் அவர்களே! மகனை இழந்த அய்யனார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முன்னாள் ராணுவ வீரர், நம் சுரங்க நிறுவனச் சுகாதாரப் பிரிவின் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், திரு. அ. தனகோட்டி அவர்கள் இன்று நம்மிடையே இல்லை. கோடைதோறும் அம்மை நோய் பரவும்போது, தடுப்பு மருந்தான அம்மைப்பாலை ஐஸ் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் அவர். அம்மை குத்தும் பணியை மேற்பார்வை பார்ப்பவள் நான். அவர் கொண்டுவந்தால்தான் என் கைக்கு வேலை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒரு காரணத்தைச் சொன்னார்கள். வெயில் என்றார்கள். கத்திரி வெயில் தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார், அதனால் தலையில் அடிபட்டு இறந்தார் என்றார்கள். சற்று நேரத்தில் நிறைவேற்றப்போகும் இரங்கல் தீர்மானத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவருடைய தவறு மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள்.

வெயிலா? தனகோட்டிக்கா?

இந்த டவுன்ஷிப்பில் அவரைப் பார்க்காதவர்கள் உண்டா? சித்திரை மாதம் நடுப்பகலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும். நாமெல்லாம் விசிறியும் கையுமாக நிழல் தேடுவோம். அப்போதும் அவர் முழங்கால் வரை பூட்ஸ், தோல் கோட்டு, தோல் கையுறை, தலையில் ஹெல்மெட் என்று போவார். பட்டாளத்தில் தகவல் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் ஓட்டியபோது பழகிய உடை அது. கோட்டின் முதுகில் வியர்வை காய்ந்து உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். எங்கள் பிளாக் பிள்ளைகள் ‘கரடி மாமா’ என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடுவார்கள். அவரும் ஒருமுறை உறுமிவிட்டுத்தான் போவார்.

எங்கள் அலுவலகத்தில் காந்திமதி என்று ஒரு நர்ஸ். தனகோட்டி வந்து இறங்கியதுமே ஆரம்பிப்பாள்: “என்னாண்ணே, உள்ள இருக்கற ஆளு வெந்துட்டாரா?”

“பாதி வெந்துட்டாரும்மா. சாயங்காலமா எறக்கிடலாம்.”

கோட்டைக் கழற்றிப் பனியனைப் பிழிவார். தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தம் எங்கள் அறைவரை கேட்கும். ஏன் இப்படி உங்களை வதைத்துக்கொள்கிறீர்கள் என்று நானே கேட்டிருக்கிறேன். “வெயிலு கொளுத்தும்மா, ஆனா உரிக்காது. ரோடுதான் உரிக்கும்” என்றார். கூட வேலை செய்த பட்டாளத்துக்காரர் ஒருவர் வெறும் சட்டையோடு வண்டியிலிருந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறாராம்.

அவர் கோட்டைத் தானாகக் கழற்றிய இடம் ஒன்று உண்டு. அம்மை கண்ட வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும், தோல் எல்லாவற்றையும் கழற்றி வேப்பமரத்தில் மாட்டிவிட்டு, வெறுங்காலோடுதான் வாசலுக்குப் போவார். யாரும் சொன்னதில்லை. ஆத்தா இருக்கும் வீட்டுக்குத் தோலோடு போகக் கூடாது என்பது அவருடைய மரியாதை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொண்டுதான் வண்டியை உதைப்பார். ஈரத்தோலைச் சூடான உடம்பில் மறுபடி ஏற்றுவது எவ்வளவு கொடுமை! ஒரு தடவைகூட அவர் அதைத் தவிர்த்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவரின் தலை அன்றைக்கு ஏன் வெறுமையாக இருந்தது? அதைச் சொல்லத்தான் நான் எழுந்திருக்கிறேன். பெரியவர் அய்யனாரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

முத்தாண்டிக்குப்பம் சாலையிலிருந்து பிரிந்து போகும் வழியில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மோடு சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள், நல்லவர்கள். ஊர்த்தெரு வழியாகப் போனால்தான் அதற்கு அப்பால் உள்ள சேரிக்கும், அடுத்த கிராமங்களுக்கும் போக முடியும். அந்தச் சேரியில் பிறந்தவர்தான் தனகோட்டி. அவர் தகப்பனார் அய்யனார் இன்றும் அங்கேதான் இருக்கிறார், இன்றும் அந்த ஊர்க்காரர்களின் நிலத்தில்தான் வேலை.

இந்தக் கோடையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரம். அவர் முன்னால் மோட்டார் சைக்கிளில் போனார், நான் பின்னால் ஜீப்பில் போனேன். தெருவில் அவரை நிறுத்தினார்கள்.

“காப்புக் கட்டியிருக்கற தெருவுல தலையில தொப்பியும் கால்ல பூட்ஸுமா போறியே, யாரு தெருன்னு நெனச்சிக்கினு போற?”

“பின்னால ஜீப்பு வருதேங்க. அதுலயும் செருப்புப் போட்டுக்கினுதான வராங்க.”

“ஜீப்புல வரவங்க அய்யனாரு பெத்த புள்ளையா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். என் காலில் செருப்பு இருந்தது. என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை. “நீங்க போங்கம்மா” என்று வழிவிட்டார்கள்.

மறுநாளே அய்யனார் குவாட்டர்ஸுக்கு வந்து, அந்தத் தெருவில் மட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்படி மகனிடம் கெஞ்சினார். “நீ வண்டிய எடுத்துக்கினு குவாட்டர்ஸுக்குப் பூடுவ. நான் அங்கதானப்பா கெடக்கணும்?” “சரிப்பா, தெருவு தாண்டறவரைக்கும்தான” என்றாராம் தனகோட்டி.

அன்றிலிருந்து அந்தத் தெருமுனையில் இறங்குவார். ஹெல்மெட், கோட்டு, கையுறை, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் கட்டுவார். கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு அந்தக் கனத்த வண்டியைத் தெரு முடியும்வரை தள்ளுவார். மறுமுனையில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக்கொள்வார். திருவிழா முடிந்தது. காப்பை அவிழ்த்தார்கள். ஆனால் அவர் இறங்கித் தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. இனி ஏறிப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அது வழக்கமாகிவிடுகிறது, வழக்கமாகிவிட்டால் அதைச் சொன்னவர்கள் யாரென்றே இல்லாமல் போகிறது!

அன்றைக்கு அடுத்த கிராமத்தில் பல குழந்தைகளுக்கு அம்மை. நான் முன்கூட்டியே அங்கே போய்ப் பள்ளிக்கூடத்தில் அம்மை காணாத குழந்தைகளோடு தாய்மார்களை உட்காரவைத்துக் காத்திருந்தேன். வழியில் அவருக்கு ஐஸ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. வெயில் உச்சியில் இருந்தது. தெருவில் வண்டியைத் தள்ளும்போதே பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருக்கிறது. தெரு முடிந்த இடத்தில் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த வீரம்மாள் அவரைப் பார்த்திருக்கிறார். அதோ, சுவரோரம் நிற்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

“வெறுந்தலையோட ஏறுனாரும்மா. என்னாப்பா, தலச்சட்டி எங்க, உடுப்பு எங்கன்னு கேட்டேன். ஐஸு கரைஞ்சிக்கினு இருக்குது அத்த, போட்டுக்கினு இருந்தா ஒண்ணும் மிஞ்சாது, திரும்பி வரப்போ போட்டுக்கறேன்னாரு.”

தோல் கோட்டை ஐஸ் பெட்டிக்குப் போர்த்திக் கட்டியிருந்தார். அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்திருந்தார், பெட்டியின்மேல் வெயில் படக்கூடாதென்று. ஏரிக்கரைத் திருப்பத்தில் மாட்டுவண்டிக்கு ஒதுங்கியபோது மணலில் சறுக்கி மதகில் மோதினார். ஹெல்மெட்டில் கீறல் இல்லை. பெட்டிக்குள் ஐஸ் மிச்சம் இருந்தது. அந்த அம்மைப்பாலைத்தான் அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் காத்திருந்த குழந்தைகளுக்கெல்லாம் வைத்தேன். அழுதுகொண்டே வைத்தேன். வலிக்குப் பயந்து அவர்களும் அழுதார்கள். எல்லோரும் ஒன்றாக அழுதோம்.

இதுவா வெயில்? இதுவா அவருடைய தவறு?

பெரியவர் அய்யனார், நான்தான் என் பிள்ளையைக் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறார். ஐயா, நீங்கள் கழற்றச் சொல்லவில்லை. உங்களைச் சொல்லவைத்தார்கள்.

தலைவர் அவர்களே! அந்தத் தீர்மானத்தை மாற்றுங்கள். ஊர்த்தெருவைக் கடப்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். அப்படி எழுதக் கை வராதென்றால் காரணமே எழுத வேண்டாம், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெயில் என்று மட்டும் எழுதாதீர்கள். வெயிலை அவர் ஒவ்வொரு நாளும் ஜெயித்தார்.

நான் பேசியதால் அந்தத் தெரு மாறிவிடும் என்று நம்புகிற வயதை நான் கடந்துவிட்டேன். மேடையில் தலைகள் குனிந்திருப்பதைப் பார்க்கிறேன். தீர்மானமும் எழுதியபடியே நிறைவேறிவிடும் என்றுதான் தோன்றுகிறது. அவருடைய இடத்துக்கு வரப்போகிற துரைராஜ் அவர்களும் அதே சேரிக்காரர்தான். நேற்று என்னிடம் கேட்டார்: “நானும் எறங்கித்தான் தள்ளணுங்களாம்மா?” இதற்குப் பதில் இந்தச் சபையில் யாருக்காவது தெரியுமா?

ஆனாலும் வேலை நிற்காது. அதே ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் குழந்தைக்கு அம்மை முத்துப் போட்டிருக்கிறது என்று இன்று காலை செய்தி வந்தது. நாளை அங்கே மற்றக் குழந்தைகளுக்கு அம்மைப்பால் போகும். தனகோட்டி இருந்திருந்தாலும் போயிருக்கும். யார் வீட்டுக் குழந்தை என்று அவர் கேட்டிருக்க மாட்டார், நானும் கேட்கப்போவதில்லை. நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

ருக்குமணி அம்மாள் அவருடைய ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். தெருமுனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, அதைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு அந்தத் தெரு முழுவதும் நடந்து போவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இதென்னம்மா வேஷம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். வெயிலில் வந்தேனே என்று ஒரு சொம்பு மோர்கூடக் கொடுப்பார்கள்.

கழற்றச் சொல்ல மாட்டார்கள். எங்கேயும், யாரும், என்னைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

தனகோட்டி அவர்களே, உங்கள் பெட்டியை நான் சுமப்பேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.