இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

கூட்டம் என்றாலே செவிலியர்களுக்கு வேப்பங்காய். எனக்கு அப்படியில்லை, ஐயா. வியாழக்கிழமை நான்கு மணி, மூலிகைத் தேநீர், யாராவது வீட்டிலிருந்து கொண்டுவரும் பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரம், ஆறு பெண்கள். எங்கள் மருத்துவமனையின் படுக்கைப்புண் தடுப்புக் குழுவை ஒன்பது வருடம் நான்தான் நடத்தினேன். அசைய முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அது நடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அந்த ஒன்பது வருடத்தில் ஒருவர் முதுகிலும் புண் வந்ததில்லை.

போன அக்டோபரில், செவிலியர் குழுக்களை மதிப்பிடத் தலைநகரிலிருந்து கலோயன் என்றொருவர் வந்தார். எங்களுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டார்.

"உங்க குழுவால என்னம்மா முன்னேற்றம்? போன வருஷமும் பூஜ்யம், இந்த வருஷமும் பூஜ்யம். கை கழுவுற குழுவைப் பாருங்க, தொற்று பாதியாக் குறைஞ்சிருக்கு. ஏதாவது குறைஞ்சாத்தானே நான் மார்க் போட முடியும்?"

மார்ச்சில் மறுபடி வருவார். அப்போதும் இதே மதிப்பெண் என்றால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒன்று குறைய வேண்டுமானால் முதலில் அது இருக்க வேண்டும்.

டிசம்பரில், திருப்புவதை நிறுத்தச் சொன்னேன். புது வழிமுறை வருகிறது, அதுவரை பொறுங்கள் என்றேன். தலைமைச் செவிலியான என் பேச்சுக்கு எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. ஸ்லாவேனா மட்டும் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள்.

"அக்கா, ரதோய் தாத்தாவுக்கு இடுப்புல தோல் உரிஞ்சிருக்கு. ஒரே ஒரு தடவை திருப்பிடட்டுமா?"

"குழு முடிவு பண்ணினதை நீ மாத்தாதே, கண்ணு."

ரதோய் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். பக்கவாதம் கையையும் காலையும்தான் முடக்கியது, வாயை அல்ல. "என்னம்மா, அடிப்பக்கம் கருகுதே. மறுபக்கம் எப்பப் போடுவ?" என்பார். வார்டே சிரிக்கும். நானும் சிரித்தேன். அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

ஜனவரி முடிவில் பதினொரு பேருக்குப் புண். பிப்ரவரி முதல் தேதி, பழையபடி திருப்பச் சொன்னேன். ஏழு பேருக்கு ஆறிவிட்டது. ரதோயும் இன்னொரு அம்மாவும் புண் சீழ்பிடித்து, அது ரத்தத்தில் கலந்து இறந்துபோனார்கள். இறந்தவர்களுக்கு மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டம் இல்லை. அவர்களும் குறைந்தவர்களாகவே சேர்ந்தார்கள். பதினொன்று இரண்டானது. மார்ச்சில் வந்த கலோயன் தொண்ணூற்று நான்கு போட்டுக் கைகுலுக்கினார்.

திருப்ப வேண்டாம் என்றது நான்தான். உங்கள் விசாரணையில் ஸ்லாவேனா மேல் பழி போடாதீர்கள். குழுவே இல்லாமல் போயிருந்தால் அந்த நோயாளிகளை யார் பார்ப்பது?

யாரையும் வதைக்காமல், காகிதத்தில் மட்டும் பதினொன்று என்று எழுதியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், ஐயா. முப்பத்தொரு வருடப் பணியில் நான் ஒரு பொய்க் குறிப்பு எழுதியவள் அல்ல.