ஊத்துத் தலையில ஒரு கிளப் ஹவுஸ்

உக்காருங்க சார், ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? அந்தக் கல்லு காஞ்சுதான் கெடக்கு, பேண்ட்டு அழுக்காகாது. பொண்ணும் பையனும் தனியாப் பேசட்டும்னு நம்மளக் கொல்லைக்கு அனுப்பிட்டு, உள்ள ரெண்டு வீட்டுக்காரங்களும் காதத் தீட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்க இப்பிடி வெறைப்பா நின்னீங்கன்னா, பொண்ணு மெரட்டுதுன்னு நெனச்சுக்குவாங்க.

அட, வாட்ச்ச எதுக்குப் பாக்குறீங்க? பொண்ணு பாத்த வீட்டுல இருந்து ராகுகாலத்துல வாசப்படி எறங்கக் கூடாதுன்னு சொன்னது உங்கம்மாதானே. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பன்னெண்டு மணி வரைக்கும் நீங்க எங்க வீட்டுக் கைதிதான். நான் போட்ட சட்டமில்லைங்க, உங்க வீட்டுச் சட்டம்.

கேளுங்க, பொண்ணு என்ன படிக்குதுன்னு கேளுங்க. மதுரைல எம்.ஏ., அரசியல் அறிவியல். சமைக்கத் தெரியுமாவா? பீன்ஸ் பொரியல் நல்லா வரும். உங்க கம்பெனி வில்லா மேப்புல காலி எடம்னு பச்சை அடிச்சு வச்சிருக்கீங்களே, அந்தக் காலி எடத்துல வெளஞ்ச பீன்ஸு. எங்க சித்தப்பா காடுங்க அது. போறப்ப ஒரு பை கட்டித் தருவாரு, மறக்காம வாங்கிக்கங்க.

ஆமா, தெரியும், நீங்க மொதலாளி இல்ல, சம்பளத்துக்கு வரையிற இன்ஜினியர். ஆனா வரஞ்சது உங்க கைதானே? எறநூறு வில்லா. வில்லாவுக்கு ஒரு குளியல் தொட்டி. எங்க ஊருக்கே இருக்கிறது ஒத்த ஊத்து. சித்திரை பொறந்துட்டா தெருவுக்கு ஒரு நாள்னு மொறை வச்சுத்தான் தண்ணி புடிக்கிறோம். யாரு வீட்லயாச்சும் கல்யாணம்னா, அடுத்த தெருக்காரங்க தங்களோட மொறையத் தூக்கிக் குடுத்துருவாங்க. நீங்க என்னடான்னா அந்த ஊத்துத் தலையில கொண்டுபோயி கிளப் ஹவுஸ உக்கார வச்சிருக்கீங்க. என்னது, போர் போட்டுக்குவீங்களா? போருக்குள்ள எங்க இருந்து சார் தண்ணி வரும், திண்டுக்கல்ல இருந்தா?

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா நல்லாத்தான் இருக்கீங்க.

மே தினத்துக் கிராம சபைக்கு நான் வரல, பரீட்சை. என் தங்கச்சி வீடியோ எடுத்து அனுப்புனா. ஸ்கிரீன் கட்டிப் படம் போட்டீங்களே, வில்லா முன்னாடி ஒரு வெள்ளக்காரம்மா நாயப் புடிச்சுக்கிட்டு நடக்குற மாதிரி! எங்க ஊரே வாயப் பொளந்துருச்சு. எதுத்த வீட்டுக் கருப்பம்மா அத்தை, தலைவரையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குற ஆளு, தண்ணி எங்க இருந்துப்பா வரும்னு எந்திரிச்சாங்க. நீங்க பம்ப்பு, லிட்டரு, சுத்திகரிப்புன்னு அடுக்குனீங்க. அதுவும் எவ்வளவு மரியாதையா, வார்த்தைக்கு வார்த்தை அம்மா போட்டு. கடைசில அத்தையே, தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு உக்காந்துட்டாங்க. நல்லவேளை, மழை கொட்டிக் கூட்டம் கலஞ்சுச்சு. இல்லேன்னா ஊர் சம்மதம்னு அன்னிக்கே தீர்மானம் போட்டிருப்பாங்க.

ஆமா, ஆகஸ்ட் சபைலயும் எடுக்காமத் தள்ளிப் போட்டது இன்னிக்குத்தான். காந்தி ஜெயந்தி கிராம சபை. அந்த மைக்கு சத்தம் அதுதான். போன் பண்ணணுமா? கொல்லைல டவர் இல்லைங்க. வாசல்ல நின்னா ஒரு கோடு வரும், ஆனா வாசல்ல உங்கம்மா உக்காந்திருக்காங்க.

சேச்சே, உங்களக் கெட்டவருன்னா சொன்னேன்? கெட்டவரா இருந்தா எனக்கென்ன கவலை, ஊரே பாத்துக்கும். நீங்க நல்லாப் பேசுறவரு. பயமே அதுதான். எங்க, என்கிட்டச் சொல்லுங்க பாப்போம். ஊத்து வத்திப்போச்சுன்னா யாரு பொறுப்பு? கம்பெனியா, நீங்களா, அந்த நாயி புடிச்ச அம்மாவா?

பாத்தீங்களா, மறுபடியும் வாட்ச்சத்தான் பாக்குறீங்க.

ஷ், இருங்க, அத்தை கொரலு. ஊத்துக்கு மேல ஒரு செங்கல்லு வைக்க விடமாட்டோம்ங்கிறாங்க. கம்பெனித் தம்பி வந்துட்டாரான்னு தலைவர் கேக்குறாரு... திரும்பவும் கேக்குறாரு... சரி, வில்லா வேணாங்கிறவங்க கையத் தூக்குங்கன்னுட்டாரு. அடேயப்பா, என்னா கைதட்டல்!

அவ்வளவுதான் சார், நீங்க கெளம்பலாம். இதுக்குள்ளாற ராகுகாலமும் முடிஞ்சிருக்கும்.

இதுல தற்செயல் என்னங்க இருக்கு? உங்க ஜாதகத்த எங்கம்மா வேணாம்னு போன மாசமே எடுத்து வச்சுட்டாங்க. எந்தக் கம்பெனின்னு பாத்துட்டு, வந்தா இந்தப் பையன்தான் வரணும், அதுவும் இந்த வெள்ளிக்கிழமைதான் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னது நாந்தான். நீங்களும் வெள்ளனே வந்துட்டீங்க, பாத்துட்டு வெரசா சபைக்குப் போயிரலாம்னு. அதான் ராகுகாலம் நெருங்குற வரைக்கும் சேலைய அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருந்தேன்.

கார்ல போறப்ப உங்கம்மா கேப்பாங்க, பொண்ணு எப்பிடிடான்னு. வாய் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.